புன்டா கானாவில் ஏழு நாள்: ‘எல்லாம் அடக்கம்’ ரிசார்ட்டுக்கு முழுமையான வழிகாட்டி

டொமினிக்கன் குடியரசின் கிழக்கு முனையில் இருக்கிறது புன்டா கானா. சாப்பாடு, பானம் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிய ‘எல்லாம் அடக்கம்’ ரிசார்ட்டில் அங்கே ஒரு வாரத் தங்கலுக்குப் பணம் கட்டுபவர்களில் பலர் ரிசார்ட்டின் நட்சத்திரங்களையும் நீச்சல்குளத்தின் படத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கடற்கரை. அடுத்தது மாதம். ஹோட்டல் அதற்குப் பிறகுதான். சுமாரான சாப்பாட்டைச் சமாளித்துவிடலாம். இறங்கக் கூடாது என்று சிவப்புக் கொடி பறக்கும் கடலையும், பாசி நாற்றம் வீசும் கரையையும் ஏழு நாள் சமாளிக்க முடியாது.

கடற்கரையைத் தேர்ந்தெடுப்பது

விளம்பரங்களில் ‘புன்டா கானா’ என்று வருவது ஒரே ஊர் அல்ல. பல கிலோமீட்டர் நீளமுள்ள கரை முழுவதற்கும் அந்தப் பெயர்தான். முகவரியில் இருக்கும் கடற்கரையின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

பாவரோ என்றால் கரைக்குச் சற்றுத் தள்ளிப் பவளத்திட்டு இருக்கிறது. அலை அங்கேயே உடைந்துவிடுவதால் கரையோரத் தண்ணீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். சிறு பிள்ளைகளோடும் நீச்சல் தெரியாத பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு இதுதான் இடம். விமான நிலையத்திலிருந்து காரில் அரை மணி நேரம். அதற்கு வடக்கே அரேனா கோர்தாவில் மணல் அகலம், அலையும் கொஞ்சம் கூடுதல். இன்னும் வடக்கே மக்காவ் அலைச்சறுக்குப் பழகுபவர்களின் கடற்கரை. உவேரோ ஆல்தோவில் கடல் திறந்த கடல். ரிசார்ட்டுகள் பெரியவை, அமைதியானவை, விலையும் பல நேரங்களில் குறைவு. ஆனால் அங்கே கடலில் இறங்க முடியாத நாட்கள் அதிகம், விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். விலை குறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குளத்திலேயே இருக்கப் போகிறவர்களுக்கு இது குறையே அல்ல.

பாயாஹீபே வேறு வகை. தென்கரையில் இருப்பதால் அதுதான் உண்மையில் கரீபியன் கடலைப் பார்க்கிறது. பாவரோ பக்கத்து ரிசார்ட்டுகள் பார்ப்பது அட்லாண்டிக்கை. பாவரோவில் சூரியன் கடலிலிருந்து எழும், பாயாஹீபேயில் கடல் பக்கம் மறையும்.

சர்காசம் என்னும் மிதக்கும் பழுப்புப் பாசியும் கடற்கரைத் தேர்வைத் தீர்மானிக்கும். 2011 முதல் இது வெப்பமண்டல அட்லாண்டிக்கிலிருந்து பெருங்கூட்டமாக மிதந்து வந்து கரீபியக் கரைகளில் ஒதுங்குகிறது. காற்று கிழக்கிலிருந்து அடிப்பதால் கிழக்கு நோக்கிய கரைகளுக்கே பெரும்பங்கு. பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் வரை வரும், சில ஆண்டுகளில் அக்டோபர் வரையும் நீளும். தண்ணீரில் மிதக்கும்போது அது தொந்தரவுதான், ஆபத்தில்லை. கரையில் குவிந்து அழுகத் தொடங்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். வெள்ளி நகை கறுத்துவிடும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும். சில ரிசார்ட்டுகள் கடலில் மிதவைத் தடுப்பு கட்டியிருக்கின்றன, காலையில் டிராக்டர் வைத்து அள்ளுகின்றன. அந்தக் காலத்தில் போவதாக இருந்தால் பாயாஹீபே பக்கம் பாருங்கள். எந்த ரிசார்ட் ஆனாலும் விருந்தினர்கள் கடந்த சில நாட்களில் எடுத்த படங்களைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மாதம்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, விலை உச்சம். கிறிஸ்துமஸ் வாரமும் மார்ச் பள்ளி விடுமுறையும் மிக அதிகம். விலைக்கும் வானிலைக்கும் பொருத்தமான காலம் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடு வரை. பாசிக்காலமும் முடிந்திருக்கும், கூட்டமும் வந்திருக்காது. சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்தான் கடுமை. 2022 செப்டம்பர் 19 அன்று ஃபியோனா சூறாவளி இந்தக் கிழக்கு முனையில்தான் கரை கடந்தது. அந்த மூன்று மாதங்களில் போனால் பயண ரத்துக் காப்பீடு கட்டாயம். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் காப்பீடு அந்தப் புயலுக்குச் செல்லாது.

அறையின் பெயரைப் படிக்கும் முறை

‘கடலை ஒட்டிய அறை’ என்றால் எதிரே கடல், இடையில் கட்டடம் இல்லை. ‘கடல் தெரியும் அறை’ என்றால் பால்கனியிலிருந்து ஏதோ ஒரு கோணத்தில் கடல் தெரியும். ‘பகுதியளவு’ என்ற சொல் சேர்ந்திருந்தால் இரண்டு தென்னைக்கு நடுவில் ஒரு நீலக் கீற்று, அவ்வளவுதான். ‘வெப்பமண்டலத் தோட்டக் காட்சி’ நடைபாதையாகவும் இருக்கலாம். கூடுதல் பணம் கட்டுவதானால் முதல் வகைக்குக் கட்டுங்கள், இல்லாவிட்டால் மலிவான அறையே போதும். நடுவில் இருப்பவற்றுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

பயணத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ரிசார்ட்டுக்கே நேரடியாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இரவு நிகழ்ச்சி மேடைக்கும் டிஸ்கோவுக்கும் தள்ளி அறை வேண்டும், முதியவர் இருந்தால் தரைத்தளம் அல்லது லிஃப்ட் உள்ள கட்டடம் வேண்டும், சைவம் சாப்பிடுபவர் இத்தனை பேர் என்று மூன்றே வரி. பல பழைய ரிசார்ட்டுகளில் மூன்று மாடிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் கிடையாது.

‘எல்லாம்’ என்பதில் வழக்கமாக அடங்குபவை: பஃபே மூன்று வேளை, சிற்றுண்டி, உள்நாட்டு மதுவும் மென்பானமும், குளிர்பெட்டியில் தினமும் நிரப்பும் தண்ணீர், கயாக், துடுப்புப் பலகை, இரவு நிகழ்ச்சிகள். அடங்காதவை: ஸ்பா, இஞ்சின் வைத்த நீர் விளையாட்டு, லாப்ஸ்டர், உயர்ரக ஒயின், சலவை, மருத்துவர். ரிசார்ட் மருத்துவர் அறைக்கு வந்தாலே தனிக் கட்டணம். பஃபே தவிர்த்த தனி உணவகங்களில் வாரத்துக்கு எத்தனை இரவு உணவு அனுமதி என்பதை முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். சில இடங்களில் மூன்று, சில இடங்களில் வரம்பே இல்லை.

காகிதங்கள்

நாட்டுக்குள் வரவும் வெளியேறவும் ‘இ-டிக்கெட்’ என்ற இணையப் படிவம் நிரப்ப வேண்டும். இது இலவசம். தேடுபொறியில் மேலே வரும் சில தளங்கள் இதே படிவத்துக்குப் பணம் கேட்கும். பணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல. நிரப்பி முடித்ததும் வரும் கியூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விமான நிலைய வைஃபையை நம்பிப் போகிறவர்கள்தான் வரிசையில் மாட்டிக்கொள்கிறார்கள். புறப்பாட்டுக்கான பகுதியையும் அப்போதே நிரப்பிவிட்டால் கடைசி நாள் நிம்மதி.

கனடா, அமெரிக்க, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவையோ நிரந்தரக் குடியிருப்பு அட்டையையோ காட்டி உள்ளே போகலாம். நகல் செல்லாது, அசலை எடுத்துப் போங்கள். டிக்கெட் வாங்குமுன் விமான நிறுவனத்திடம் இதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கனடிய நிரந்தரக் குடியிருப்பு அட்டையும் இந்தியப் பாஸ்போர்ட்டும் உள்ளவர்கள் விலை குறைவு என்று மயாமி வழியாக டிக்கெட் எடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். டொராண்டோவிலிருந்து நேரடி விமானம் நாலரை மணி நேரத்துக்குள் போய்விடும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு மருத்துவக் காப்பீடான ஓஹிப் அட்டை வெளிநாட்டு மருத்துவச் செலவில் மிகச் சிறு பகுதியைத்தான் தரும். தனியார் மருத்துவமனைகள் முன்பணம் கேட்கும். அதனால் பயண மருத்துவக் காப்பீட்டின் எண்ணைப் பாஸ்போர்ட்டுக்குள் எழுதிய தாளாக வையுங்கள்.

பெட்டியில் வைக்க வேண்டியவை

சன்ஸ்கிரீன் கணக்கில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒரு பெரியவர் உடல் முழுவதும் சரியாகத் தடவ ஏறக்குறைய 30 மில்லி, அதாவது ஆறு தேக்கரண்டி வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீந்தி வந்த பிறகும் மறுபடி தடவ வேண்டும். 100 மில்லி புட்டி ஒரே நாளில் காலி. நீளக்கை நீச்சல் சட்டை போட்டால் தேவை பாதியாகக் குறையும். அப்படிப் பார்த்தாலும் ஆளுக்கு 300 மில்லி எடுத்துப் போங்கள். ரிசார்ட் கடையில் விலை மிக அதிகம். நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற பேச்சை நம்ப வேண்டாம். பழுப்புத் தோலில் சிவப்புத் தெரியாது, அன்றிரவு எரிச்சல்தான் தெரியும். தோள்பட்டை, காதின் மேல்விளிம்பு, தலை வகிடு, புறங்கால் இந்த நான்கும் முதலில் எரியும் இடங்கள்.

கொசு மருந்தில் டீட் அல்லது பிகாரிடின் இருக்கட்டும், இங்கே டெங்கு உண்டு. ஓஆர்எஸ் பொட்டலம் ஆளுக்கு மூன்று. ரப்பர் அடிப்பாகம் உள்ள நீர்க் காலணி. மூடியுள்ள பெரிய ஸ்டீல் குவளை ஆளுக்கொன்று. பாரில் தரும் பிளாஸ்டிக் குவளை சிறியது, வெயிலில் ஐஸ் ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடும். மின்சாரம் 110 வோல்ட், வட அமெரிக்கப் பிளக்தான். இந்தியா, இலங்கை, பிரிட்டனிலிருந்து வருபவர்களுக்கு அடாப்டர் வேண்டும், 230 வோல்ட் மட்டும் ஏற்கும் கெட்டிலோ முடி உலர்த்தியோ இங்கே வேலை செய்யாது.

அமெரிக்க ஒரு டாலர் நோட்டு 40 முதல் 50 வரை குடும்பத்துக்குத் தேவை. கனடிய ஒரு டாலர், இரண்டு டாலர் நாணயங்களை டிப்ஸாகக் கொடுக்காதீர்கள். அங்கே வங்கி வெளிநாட்டு நாணயத்தை மாற்றித் தராது. வாங்கியவர் ஊர் திரும்பும் கனடியரைத் தேடிப் பிடித்து நோட்டாக மாற்ற வேண்டியிருக்கிறது. அறை சுத்தம் செய்பவருக்கு நாளுக்கு 2 அல்லது 3 டாலர், அன்றன்றைக்கே தலையணை மேல் வையுங்கள். கடைசி நாளில் மொத்தமாக வைத்தால் அன்று பணியில் இருப்பவருக்கு மட்டும் போகும். இந்த மக்கள் வெயிலில் படும் பாட்டுக்கு இது பெரிய தொகையே அல்ல.

முதல் நாள்

புன்டா கானா விமான நிலையத்தின் கூரை ஓலை வேய்ந்தது, அதைப் பார்த்ததுமே வந்துவிட்டோம் என்று தோன்றும். குடிவரவு முடித்து வெளியே வரும்போது சீருடை போலவே உடுத்திய பலர் ‘எந்த ரிசார்ட்?’ என்று கேட்பார்கள். பயண நிறுவனத்தின் பெயர்ப் பலகையைத் தேடி நேராக நடங்கள். டாக்ஸி, சுற்றுலா விற்பவர்கள்தான் இவர்கள்.

அறை பெரும்பாலும் மாலை 3 மணிக்குத்தான் கிடைக்கும். கைப்பையில் நீச்சல் உடை, செருப்பு, சன்ஸ்கிரீன், மருந்து இருந்தால் பெட்டியை லாபியில் விட்டுவிட்டுச் சாப்பிடவும் குளத்துக்கும் போகலாம். ரிசார்ட் விருந்தினர் என்று காட்டும் கைப்பட்டையைக் கட்டும்போது ஒரு விரல் நுழையும் இடம் விடச் சொல்லுங்கள், வெப்பத்தில் மணிக்கட்டு கொஞ்சம் வீங்கும். கடற்கரைக்குத் துவாலை வாங்கத் தரும் அட்டையைத் தொலைத்தால் அபராதம்.

அறைக்குள் போனதும் பெட்டியைத் திறக்காதீர்கள். ஏசி, வெந்நீர், கழிவறை, பாதுகாப்புப் பெட்டி, கதவுப் பூட்டு, ஈர வாடை எல்லாம் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிடிக்கவில்லையென்றால் அப்போதே ரிசப்ஷனுக்குப் போங்கள். துணிகளை அடுக்கிய பிறகு கேட்டால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’தான். ஏசி ஓடவில்லை என்று புகார் செய்யுமுன் பால்கனிக் கதவைப் பாருங்கள். பல இடங்களில் கதவில் சென்சார் இருக்கும், ஒரு விரற்கடை திறந்திருந்தாலும் ஏசி நின்றுவிடும்.

அடுத்து, தனி உணவகங்களுக்கு மேசை. கண்ணெதிரே சூடான தகட்டில் சமைத்துத் தரும் ஜப்பானிய தெப்பன்யாகி மேசைகள்தான் முதலில் நிரம்பும். வந்த அன்றே ரிசார்ட்டின் செயலியிலோ முன்பதிவு மேசைக்குப் போயோ வாரம் முழுவதற்கும் பதிந்துவிடுங்கள். இரவில் ஆண்களுக்கு முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் கேட்பார்கள், அரைக்கால் சட்டையோடு போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

லாபியில் ஒருவர் ‘வரவேற்புக் கூட்டம், இலவசக் காலை உணவு, பரிசுக் கூப்பன்’ என்று அழைப்பார். அது விடுமுறைக் கழக உறுப்பினர் விற்பனை. தொண்ணூறு நிமிடம் என்று சொல்லி மூன்று மணி நேரம் இழுப்பார்கள். ‘நோ, கிராசியாஸ்’ என்று சொல்லி நிற்காமல் நடந்தால் போதும்.

சாப்பாடு

பஃபேயில் பாஸ்தாவும் பர்கரும் நிறைய இருக்கும், அவற்றுக்காக நாலு மணி நேரம் பறக்க வேண்டியதில்லை. காலையில் மங்கு தேடுங்கள். வாழைக்காயை வேகவைத்து வெண்ணெயோ எண்ணெயோ விட்டு மசித்து, வினிகரில் வதக்கிய சிவப்பு வெங்காயத்தை மேலே போடுவார்கள். பொரித்த பாலாடைக்கட்டி, சலாமி, முட்டை மூன்றும் கூட வரும். மதியத்துக்கு லா பந்தேரா: சோறு, சிவப்பு பீன்ஸ் குழம்பு, இறைச்சிக் குழம்பு. நம் வாய்க்கு உடனே ஒத்துப்போகும். தோஸ்தோனெஸ் என்பது வாழைக்காயைத் தட்டையாக்கி இருமுறை பொரித்தது. யூக்கா என்று எழுதியிருந்தால் நம் மரவள்ளிக் கிழங்குதான். கசாபே என்ற மொறுமொறு அடையும் அதில்தான் செய்கிறார்கள், தாய்னோ பூர்வகுடிகள் காலத்து உணவு. பப்பாளிக்கு இங்கே லெச்சோசா என்று பெயர், வாழைப்பழத்துக்கு கினேயோ.

டொமினிக்கன் சமையலில் காரம் கிடையாது. சின்னப் புட்டி ஊறுகாயோ பருப்புப் பொடியோ இருந்தால் ஐந்தாம் நாள் கை கொடுக்கும்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது பீன்ஸ் குழம்பு. பார்க்க சைவம், ஆனால் பன்றி இறைச்சித் துண்டோ கோழிச் சாறோ சேர்ந்திருக்கலாம். ‘சைவம்’ என்றால் மீன் சேரும் என்று நினைக்கும் பணியாளரும் உண்டு. அதனால் பட்டியலாகவே சொல்லுங்கள்: ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்.’ இறைச்சி, கோழி, மீன், பன்றித் தொடை இல்லாமல் என்று பொருள். முட்டையும் வேண்டாமென்றால் ‘சின் உவேவோ’.

டீ ஒரு தனிப் பிரச்சினை. பஃபேயில் வெதுவெதுப்பான தண்ணீரில் டீப் பை மிதக்கும், நிறம் வரும், சாயம் இறங்காது. அறையில் காபி இயந்திரம் இருந்தால் தூள் போடாமல் வெறும் தண்ணீரை இருமுறை ஓடவிட்டு வாடையைப் போக்கி, மூன்றாம் முறை வரும் சூடான தண்ணீரில் சொந்தத் தூளைப் போட்டு நாலு நிமிடம் மூடி வையுங்கள். பஃபேயில் ‘லெச்சே காலியென்தே’ என்றால் சூடான பால் தருவார்கள். காபி குடிப்பவர்களுக்குக் கவலையே இல்லை. நாட்டிலேயே விளையும் கொட்டை, ‘கஃபே கோன் லெச்சே’ என்று கேட்டால் அருமையாக இருக்கும்.

வயிறு கெடுவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில். தண்ணீரை மட்டும் குற்றம் சொல்கிறோம். வெயிலில் வற்றிய உடம்பில் காலை 11 மணியிலிருந்து ரம், வழக்கத்தைவிட இருமடங்கு சாப்பாடு, கழுவாத கை எல்லாம் சேர்ந்த விளைவு அது. குழாய்த் தண்ணீரைப் பல் துலக்கவும் பயன்படுத்தாதீர்கள். ரிசார்ட் ஐஸ் சுத்திகரித்த நீரில் செய்தது. சாப்பாட்டில் சூடானது ஆவி பறக்க இருக்க வேண்டும், குளிர்ந்தது சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாகக் கிடக்கும் தட்டைத் தொடாதீர்கள். கையைச் சோப்புப் போட்டே கழுவுங்கள், ஆல்கஹால் ஜெல் வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோ வைரஸுக்குச் சரியாக வேலை செய்யாது. ஒரு மதுவுக்கு ஒரு குவளை தண்ணீர் என்று பழகினால் பாதித் தொல்லை போய்விடும். வெளியே லேபிள் இல்லாத புட்டியில் விற்கும் சாராயத்தை ஒரு மிடறும் குடிக்க வேண்டாம். மெத்தனால் கலந்த சாராயத்தால் இந்த நாட்டில் மரணங்கள் நடந்திருக்கின்றன.

கடலும் வெளியூரும்

பச்சைக் கொடி இறங்கலாம், மஞ்சள் கவனம், சிவப்பு இறங்கக் கூடாது. கரையிலிருந்து இழுத்துப் போகும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். களைத்துப்போவதுதான் மூழ்கடிக்கிறது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பு விட்டதும் திரும்புங்கள். நீச்சல் தெரியாதவர் மிதந்தபடி கையைத் தூக்கி அசைக்க வேண்டும்.

இந்த நாட்டில் கடலோர 60 மீட்டர் நிலம் சட்டப்படி பொதுமக்களுடையது. ஆகவே ரிசார்ட் எல்லையோடு நிற்க வேண்டியதில்லை. காலை ஆறரைக்கு பாவரோ கரையில் ஈர மணலில் நடந்து பாருங்கள். அந்த நேரத்து வெளிச்சமும் வெறுமையும் வாரத்திலேயே சிறந்தவை.

வெளிப் பயணம் ஒன்று போதும், மூன்றாம் அல்லது நாலாம் நாளில். வானிலை கெட்டால் தள்ளிவைக்க நாள் மிச்சமிருக்கும். பலரும் போவது சவோனா தீவு. பாவரோவிலிருந்து பாயாஹீபேக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ஒரு வழி கட்டமரான் படகு, மறு வழி விசைப்படகு. நம் ‘கட்டுமரம்’தான் அந்தப் பெயருக்கு மூலம், வடிவம் மாறிப் போனாலும். விசைப்படகு அலை மேல் தூக்கிப் போடும். முதுகு வலி உள்ளவர்கள் பின்னால் உட்காருங்கள், கர்ப்பிணிகள் ஏறவே வேண்டாம். வழியில் இடுப்பளவு ஆழமுள்ள மணல்திட்டில் நிறுத்துவார்கள், அடியில் நட்சத்திர மீன்கள் கிடக்கும். படம் எடுக்க அவற்றைத் தண்ணீரை விட்டுத் தூக்காதீர்கள், அவற்றுக்கு அது உயிராபத்து. கடலே வேண்டாம் என்பவர்கள் சாந்தோ தோமிங்கோவின் பழைய நகருக்குப் போகலாம். 1990 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, அமெரிக்கக் கண்டங்களின் முதல் பேராலயம் அங்கேதான். போக மட்டும் இரண்டரை மணி நேரம்.

புறப்படும் நாள்

முந்தைய மாலையே பேருந்து நேரத்தை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கே ஆண்டு முழுவதும் ஒரே நேரம். குளிர்காலத்தில் டொராண்டோவைவிட ஒரு மணி முன்னால் ஓடும், கோடையில் இரண்டும் ஒன்று. கைக்கடிகாரத்தை மாற்றாதவர்கள் ஜனவரியில் பேருந்தை விடுகிறார்கள்.

சங்கு, பவளம், நட்சத்திர மீன் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், சோதனையில் பறிபோகும். வாங்குவதானால் லாரிமார் என்ற வெளிர்நீலக் கல்லைப் பாருங்கள், உலகிலேயே இந்த நாட்டின் பரஓனா பகுதியில் மட்டும்தான் அது கிடைக்கிறது. கரையில் விற்பவை எல்லாம் அசல் இல்லை, ரசீது தரும் கடையில் வாங்குங்கள். ரம் கனடாவுக்குள் பெரியவர் ஒருவருக்கு 1.14 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம்.

அறையைக் காலி செய்த பிறகு விமானம் வரை நாலைந்து மணி நேரம் இருந்தால் ரிசப்ஷனில் குளியலறை வசதி கேளுங்கள், பல ரிசார்ட்டுகளில் அதற்கென ஒரு பொது அறை உண்டு. ஈர நீச்சல் உடைகளைத் தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். குளிர்கால ஜாக்கெட்டும் காலுறையும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டி டொராண்டோவில் வந்து சேர்வதற்குள் செருப்புக் காலோடு நிற்க வேண்டியிருக்கும்.